கொதிகலன் அறையில் அப்பா

செடார் பெண்ட், நெப்ராஸ்கா
9 செப்டம்பர் 1967

அன்புள்ள வெர்லின் அண்ணா,

அண்ணியின் இடுப்புவலி தேவலையா?

உங்கள் பள்ளி வாரியம் வெளியிடப்போகும் மலரின் முன்படியைப் படித்தேன். பள்ளி மாவட்டம் வளர்ந்த வரலாற்றில் நம் ஊருக்கு ஒரே வரி: "1963இல் செடார் பெண்ட் பள்ளி மகிழ்ச்சியுடன் கார்விக் பள்ளியோடு இணைந்தது."

மகிழ்ச்சியுடனா? தேவாலயக் கூடத்தில் நீதானே எழுந்து நின்றாய்! "பயப்படாதீங்கப்பா, கட்டடத்தத்தான் மூடுறோம். நம்ம படமெல்லாம் கார்விக் பள்ளித் தாழ்வாரத்துல தொங்கும். நான் பொறுப்பு." உன்னை நம்பித்தான் இணைப்புக்கு ஓட்டுப் போட்டார்கள்.

வியாழனன்று கார்விக் போயிருந்தேன். ஆண்டுதோறும் படிப்பு முடித்தவர்களின் படங்கள், நம்முடையவை அத்தனையும், கொதிகலன் அறையில் கிடக்கின்றன. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த அடுக்கின் கடைசியில் அப்பாவின் வகுப்புப் படம். "எங்கம்மா மாட்டுறது? சுவரு பூரா இந்த ஊருப் படந்தான்" என்கிறார் காவலாளி.

எப்போது மாட்டுவாய்?

அன்புத் தங்கை,
ஆர்டிஸ்

கார்விக்
14 செப்டம்பர்

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

கோபப்படாதே. வாரியத்தில் நம் ஊர்க்காரன் நான் ஒருவன்தான். பழையதைக் கிளறினால் உள்ளதும் போய்விடும். அடுத்த வார வெள்ளிக்கிழமை கால்பந்தாட்டத்தில் மலர் வெளியீட்டு விழா. நம் ஊராரை அழைத்து வா, சிரித்த முகமாக இரு. உன் அண்ணி ஜாய்ஸ் உனக்குக் கொலாச்சே இனிப்பு ரொட்டி சுடுகிறாள்.

வெர்லின்

கார்விக்
23 செப்டம்பர்

ஆர்டிஸ்,

என்ன காரியம் செய்தாய்! நம் ஊரே எதிரணிக்காரர்களின் பக்கம் போய் உட்கார்ந்ததே! "உங்க ஆளுங்க வழி தவறிட்டாங்களா வெர்லின்?" என்று மைக்கின் முன்னாலேயே கேட்டார் வாரியத் தலைவர். கூட்டமே சிரித்தது. சொந்த அண்ணனை இப்படியா தலைகுனிய வைப்பாய்?

வெர்லின்

செடார் பெண்ட்
26 செப்டம்பர்

அண்ணா,

நாங்கள் வழி தவறவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்தோம். நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். மற்றவர்கள் தாமாகவே வந்தார்கள்.

எதிரணிக்காரர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "உங்க பையன் யாருங்க?" என்று கேட்டார் ஒருவர். "அதோ, உங்களுக்கு எதிரா ஆடுறாங்களே, அதுல பாதி எங்க பசங்கதான்" என்றேன். சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் காப்பியை நீட்டினார்.

நீ ஒரு நாள் தலைகுனிந்தாய். அப்பா நான்கு ஆண்டுகளாகச் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார்.

படங்கள் மாட்டும்வரை அங்கேதான் உட்காருவோம். அதுவரை என்னிடமிருந்து கடிதம் வராது. பக்கத்தில் உனக்கு ஓர் இடம் விட்டு வைக்கிறேன். அந்தப் பக்கம் காற்று முகத்தில் அடிக்கும்; வருவதானால் கம்பளி எடுத்து வா.

ஆர்டிஸ்