எண்ணெய்க் கிணற்றுக்கு நான் சொன்ன முடிவு

திருவண்ணாமலை

அன்புள்ள அப்பாவுக்கு, கவிநிலா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி கம்மியானதா? நான் சுகம்.

ஞாயிறன்று விடுதி டிவியில், எண்ணெய்க் கிணற்றுக்காக அண்ணன் தம்பி சண்டை போடும் பழைய வெளிநாட்டு சீரியலின் தொடர்ச்சியாக, அந்தக் குடும்பம் மறுபடி கூடும் படம் ஓடியது. கடைசிக் காட்சியில் கரண்ட் போய்விட்டது.

"அண்ணன் தம்பி சேர்ந்தாங்களா இல்லையா?" என்று சமையல் வேதா அக்கா தவித்தார். நானே ஒரு முடிவு சொன்னேன்: தம்பி அண்ணன் வாசலில் போய் நின்று, "பசிக்குதுண்ணா" என்கிறான்.

மறுநாள் திரும்பப் போட்டபோது, வக்கீல் வந்து கிணற்றை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். "இது சப்புனு இருக்கு. வாயே தொறக்காத நீ சொன்னதுதான்டி முடிவு" என்றார் அக்கா.

போனில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இதை எழுதுகிறேன். பெரியப்பாவோடு தகராறாகி நம் செக்கு பூட்டியே கிடக்கிறது. பொங்கலுக்கு நான் ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு பாட்டில் நம் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வேண்டும். இங்குள்ள எண்ணெயில் வாசமே இல்லை.

அக்கா கூப்பிடுகிறார். ஒருநாள் பசியோடு பெரியப்பா வீட்டுக்குப் போங்கள் அப்பா.

உங்கள் மகள்,
கவிநிலா