கதாலிசிஸ் என்ற சொல்லின் நான்காவது பொருள்

மார்ச் 6, ஏதென்ஸ்

அகராதி இயக்குநர் ஸ்டாத்திஸ் கதாலிசிஸை எழுதப் புதிதாகச் சேர்ந்த மிர்சினிக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் கிரேக்க அகராதியில் 'க' தொடங்கிய நாளிலிருந்து நான் காத்திருந்த சொல். "சின்னப் பொண்ணு எழுதட்டும் பொலிக்சேனி. நீங்க சரிபாத்துக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார். பத்தொன்பது வருஷமாக எனக்குக் கிடைத்த சொற்கள் வாளி, நாற்காலி, காரட்.

மார்ச் 8

பொறாமைதான். இந்த நாட்குறிப்பில் யாரிடம் மறைக்க?

மார்ச் 14

அவள் எழுதிய அட்டை வந்தது. நன்றாகவே எழுதியிருக்கிறாள், பாவி. வேர்: 'கதா' கீழே, 'லிசிஸ்' அவிழ்த்தல். கட்டியதை அவிழ்த்துக் கொட்டுவது, அதனால் அழிவு. ஒன்று, ஆட்சியைக் கவிழ்க்கும் குற்றம். இரண்டு, பழைய வழக்கில், பயணி வண்டியை அவிழ்த்துவிட்டுத் தங்குவது. மூன்று, வேதியியலில், தான் தீராமல் மற்றதன் வினையை முடுக்குவது.

நான்காவது இல்லை! தவக்கால நோன்பின் நடுவே எண்ணெயோ மீனோ சாப்பிட அனுமதி தரும் நாளைக் கோயில் நாட்காட்டியில் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஜெர்மனியில் வளர்ந்தவள், நோன்பே அறியாத வீடு. புத்தகம் வந்தால் ஊரிலுள்ள பாதிரியார் எல்லாம் அவளைக் கிழிப்பார்கள்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 15

நன்றாகத் தூங்கினேன். அதுதான் அசிங்கம்.

மார்ச் 25

மங்களவார்த்தைத் திருநாள். தனியாக இருக்கிறேனே என்று மிர்சினி சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்காகவே இந்தத் திருநாளின் வழக்கப்படி காட் மீன் பொரித்து, பூண்டு மசியலும் அரைத்திருந்தாள். நோன்புக் காலத்தில் மீன் எப்படி என்று கேட்டாள்.

"இன்னைக்கு மீனுக்குக் கதாலிசிஸ்டி" — வாய் முந்திக்கொண்டது.

முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுமாக்கா கையெழுத்துப் போட்டீங்க?"

மறந்துட்டேன்னு சொன்னேன். அவ நம்பலை. எனக்கே அது பொய்யா கேட்டுச்சு. ஏன் போனேன்? போனவ வாயை மூடிட்டுத் தின்னுட்டு வந்திருக்கக் கூடாதா?

மார்ச் 27

ஸ்டாத்திஸிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்து நாள் முழுக்க மேசையை விட்டு எழவில்லை. அவள் சொல்லவில்லை.

ஏப்ரல் 3

அச்சு மெய்ப்பு வந்தது. நான்கு பொருளும் இருக்கின்றன. அடியில், எழுதியவர்கள்: பொலிக்சேனி, மிர்சினி. என் பெயரை முதலில் போடச் சொன்னது அவள்தானாம். ஸ்டாத்திஸ் கை குலுக்கினார்.

அடுத்த சொல்லைச் சரிபார்க்க வேறு ஆளைக் கேட்டிருக்கிறாளாம். காரணம் எதுவும் சொல்லவில்லை என்றார்.