காகிதப் பொட்டலத்துச் சின்ன மாத்திரை

ஜனவரி 19, 2024

மக்காச்சோளம் அடிக்கிற மிஷினோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இவர் இன்று மதியம்தான் வீடு சேர்ந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் சோளத்தூசி. இந்தத் தூசிதான் இவருக்கு ஆகாது, மூச்சு விசில் அடிக்கும். இப்போதெல்லாம் பயமில்லை. பந்தல்குடி மெடிக்கலில் "வீசிங்குக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். போன ஆடியில் பிடித்த பழக்கம், இப்போது செட்டு இல்லாத நாளே இல்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "சத்யா, சோறு வை" என்கிறார். மறுசோறும் வாங்கிச் சாப்பிடுகிறார். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடுகிறது.

பிப்ரவரி 11

திருச்சுழியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. "மருதுபாண்டிக்குக் கன்னம் ரெண்டும் பணியாரமாட்டம் உப்பிருச்சே! பொண்டாட்டி நல்லா கவனிக்கிறா போல" என்று முனீஸ்வரி சித்தி பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னாங்க. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவருக்கு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன்.

பிப்ரவரி 27

தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுகிறார். முகம் மட்டும் குண்டு, கையும் காலும் குச்சி. கேட்டால், "வயசாகுதுல்ல" என்கிறார். முப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா?

மார்ச் 8

மல்லுக்கட்டி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சுகர் எகிறிக் கிடக்கிறது. டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்து, இருப்பதிலேயே சின்ன மாத்திரையை விரலால் நகர்த்தினாங்க. "இது ஸ்டீராய்டு. எத்தனை மாசமாப் போடுறாரு?"

கன்னம் உப்பினது சதையே இல்லையாம், இந்த மாத்திரை வைத்த வீக்கமாம்.

"மருந்து நல்ல மருந்துதாம்மா. கடுமையா இழுக்கும்போது கொஞ்ச நாளைக்குக் குடுத்தா உயிரையே காப்பாத்தும். தினமும் சாப்பிடுறதுக்கு இல்ல. ஆனா இப்ப சட்டுன்னு நிறுத்திராதீங்க. நான் எழுதுற அளவுல கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்." தினமும் வாயில் வைத்து இழுக்க இன்ஹேலரும் கொடுத்தாங்க.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குப் பற்றி எரிந்தது. அந்தக் கன்னத்துக்கா நான் மிளகாய் சுற்றினேன்?

மார்ச் 9

கெடுதல் என்று தெரிந்த பிறகும் யாராவது கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுப்பார்களா? எனக்கு மனசு ஒப்பவில்லை. டாக்டரம்மா எழுதிய ஸ்டீராய்டு அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். இவர் கேட்பாரே என்று அதற்குப் பதில் என்னுடைய சத்து மாத்திரையில் ஒன்றை வைத்து நீட்டினேன். என்ன மாத்திரை என்று கேட்கவேயில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 13

விடிந்ததிலிருந்து வாந்தி. கட்டிலை விட்டு எந்திரிச்சவரு அப்படியே சரிஞ்சுட்டாரு. கை சில்லுன்னு இருக்கு. ஆட்டோ வந்துக்கிட்டு இருக்கு. ஐயோ மாமா, நான் என்ன பண்ணித் தொலைச்சேன் —

மார்ச் 15

ஊசியும் பாட்டிலும் ஏற்றி, பிரஷர் இப்போது பரவாயில்லை. டாக்டரம்மாவிடம் அன்றைக்கே நடந்ததைச் சொல்லிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாங்க என்று நினைத்தேன். கேட்கவில்லை. "உடம்பு தானா சுரக்க வேண்டியதை இத்தனை மாசமா மாத்திரை குடுத்துச்சும்மா. உடம்பு சும்மா இருந்தே பழகிருச்சு. திடீர்னு மாத்திரையும் இல்லைன்னா அது எங்க போகும்?" என்றாங்க.

இவரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. இன்று சொன்னேன், முகத்தைப் பார்க்காமல்.

"ஏத்தா, கொல்லணும்னா செஞ்ச? கண்ணத் தொடச்சுக்க. நீ அழுதா எனக்கு மூச்சு வாங்குது."

இந்த மனுசனை என்ன செய்வது? சிரித்துவிட்டேன்.

ஜூலை 30

குறைத்துக் குறைத்து, ரத்தமும் சோதித்துப் பார்த்து, இன்று முழுசாக நிறுத்தச் சொல்லிவிட்டாங்க. வரும்போது அல்வா வாங்கலாமா என்றார். சுகரை ஞாபகப்படுத்தினேன். கால் கிலோ காராச்சேவு வாங்கினோம்.

ஜனவரி 24, 2025

மறுபடியும் சோள சீசன். இன்ஹேலரை விடாமல் இழுத்தும், முகத்தில் துண்டைக் கட்டியும், நேற்று சாயந்தரம் மூச்சு அடங்கவில்லை. பேசவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்துப் புகை வைத்து ஆளைத் தெளிய வைத்துவிட்டு டாக்டரம்மா எழுதியது அதே ஸ்டீராய்டு.

"அஞ்சு நாள். காலையில சாப்பிட்டதும். பயந்துக்கிட்டு பாதியா உடைச்சுக் குடுக்கக் கூடாது. அஞ்சாம் நாளோட நிறுத்திரணும்."

"கொறைச்சுக் கொறைச்சு நிறுத்த வேணாமா மேடம்?"

"அஞ்சு நாள்ல உடம்பு சோம்பேறி ஆகாதும்மா. மாசக்கணக்கா போட்டாத்தான் அந்த வம்பு. ஆனா அடுத்த தடவை இழுத்தா இதே சீட்டைக் காட்டி நீங்களா வாங்கிறக் கூடாது, இங்க வரணும்."

இன்று காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையை நீட்டினேன். கையில் வாங்கியவர் வாயில் போடாமல் என்னைப் பார்த்தார்.

"இது என்ன மாத்திரை சத்யா? எதுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து நான் கொடுத்த எதையும் இவர் இப்படிக் கேட்டதில்லை. சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே மனசு லேசாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பெயரைச் சொன்னேன். எதற்கென்று சொன்னேன். எத்தனை நாள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்.