லாரிக்கு ஒரு விளம்பரம்

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே நலம். நீயும் உன் காப்பகத்து நாய்ப்பட்டாளமும் நலம்தானே?

"கொஞ்சம் பெரிய நாய் அண்ணி" என்று சொன்னாயே, அது நேற்று வந்து சேர்ந்தது. கொஞ்சமா? வேன் டிரைவர் முன்னால் பிடிக்க, உன் அண்ணன் பின்னால் பிடிக்க, பீரோவை இறக்குவதுபோல் இறக்கினார்கள். இறக்கிய கையோடு அது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் அதன் இடுப்புக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து நான் பின்பக்கத்தைத் தூக்கிக்கொள்ள, அது முன்பக்கத்தால் நடக்க, ஒருவழியாகக் கூடத்துக்கு வந்தோம்.

அங்கே அடுத்த கூத்து. எங்கள் வீட்டு டைல்ஸ் தரையை நான் எப்படித் துடைத்து வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதில் கால் வைத்ததும் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் வழுக்கிக்கொண்டு போயின. அது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான்தான் தரையைப் பிடுங்கிவிட்டேன் என்பதுபோல! வீட்டிலிருந்த கால்மிதிகளை எல்லாம் வாரிப் போட்டேன். போதவில்லை. பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கினேன். இப்போது வாசலிலிருந்து சமையலறை வரை பச்சை, சிவப்பு, கோடு போட்டது என்று ஒரே கால்மிதிப் பாதை. வீடு பார்க்கச் சகிக்கவில்லை. உன் அண்ணன் அதற்குள் நாலு தடவை தடுக்கி விழப்போய், என்னைத் திட்டுகிறார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் கண்ணுக்கு எல்லாமே வண்டிதானே, பெயரும் வைத்துவிட்டார். "திரும்பறதுக்கே ஒரு மைதானம் வேணும். லாரின்னு கூப்பிடு" என்கிறார். வேறு வீடு கிடைக்கும்வரைதான், அதற்குமேல் ஒரு நாள்கூட ஆகாது என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கூப்பிடாமல் தீனி மூட்டை வருகிற வேனிலேயே கடிதம் கொடுத்தனுப்பினீர்களே, புத்திசாலி. இங்கே போனை எடுத்தால் குரைப்புச் சத்தத்தில் "என்ன? என்ன?" என்று மட்டும்தான் பேச முடிகிறது. இனி எல்லாம் வேனிலேயே வரட்டும்.

டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். அவனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. முழுதாகச் சரியாகாது. ஆனால் எடை குறைந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் துண்டு இல்லாமலே நடப்பானாம். மாத்திரை மூட்டைக்குள் இருக்கிறது. அண்ணன் சாப்பிடும்போது அவனுக்குத் திருட்டுத்தனமாக எதுவும் கொடுக்கக் கூடாது. அண்ணனைத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இன்னொரு வேலை. அவனுக்கு நிரந்தரமாக ஒரு வீடு தேட வேண்டும். கடைகளில் ஒட்ட நாலு வரி எழுதி அனுப்புங்கள். கூட இருக்கிற உங்களுக்குத்தானே அவன் குணம் தெரியும்?

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஜூலை 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. திரைச்சீலை தைக்கிற வேலை தலைக்குமேல் இருக்கிறது. தைக்கலாம் என்று உட்கார்ந்தால் லாரி வந்து மிஷின் பெடலின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்கிறான். அந்தத் தலை என்ன கனம் தெரியுமா? எழுப்பவும் மனசு வரவில்லை. ஒரு கல்யாண மண்டபக்காரர் திரை எங்கே, திரை எங்கே என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

துண்டை விட்டுவிட்டோம். சோபா உறைத் துணியில் பஞ்சு வைத்து, கைப்பிடி போட்டு ஒரு பட்டை தைத்திருக்கிறேன். அதுகூட இப்போது வாசல்படி ஏறும்போது மட்டும்தான். நல்ல நாளில் தெருமுனை வரை தானாகவே போகிறான்.

உன் அண்ணன் கதையைக் கேள். "வீட்ல இருந்தா நீ அவனைக் கெடுத்துடுவ" என்று சொல்லி, சாயங்கால வகுப்புக்கு அவனைக் காரின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போகிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், "பின்னால லாரி தூங்குறான், பிரேக்கை மெதுவாப் போடு" என்கிறாராம். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் வராத பிரேக் இப்போது எல்லோருக்கும் வருகிறதாம்.

நீ கேட்ட விளம்பரம்:

"வயதான, மிகப் பெரிய நாய். குறட்டை விடும். நாற்றம் உண்டு. காரில் ஏறாது. நடக்கக் கூட்டிப்போனால் நாலு எட்டு வைத்து உட்கார்ந்துவிடும். தானாக எழுந்தால்தான் உண்டு. வீடு முழுக்கக் கால்மிதி போட வேண்டும். ஓடவே ஓடாது. ரொம்பப் பொறுமைசாலிகள் மட்டும் அணுகவும்."

உன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "பிரேக் மிக நன்றாக வேலை செய்கிறது."

அன்புடன்,
அண்ணி

ஜூலை 23

அன்புள்ள அண்ணிக்கு,

இது விளம்பரமா, போலீஸ் புகாரா? படித்துவிட்டு நானும் வேன் டிரைவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். காரில் ஏறாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் அவன் தினமும் பின் சீட்டில் சவாரி போகிறான். பொய் சொல்லக்கூட உங்களுக்கு வரவில்லை அண்ணி.

அவனை விட உங்களுக்கு மனசில்லை. எனக்குப் புரிகிறது. வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வரி எழுதுங்கள், தேடுவதை நிறுத்திவிடுகிறேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் உங்களோடு இருந்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு இன்னொன்றை அனுப்ப முடியாது. இரண்டு பெரிய நாயை உங்களால் தூக்க முடியாது. இங்கே ஒருத்தி இருக்கிறாள். வண்டி மோதியவள். சின்ன வயசுதான், இவனில் முக்கால்வாசி இருப்பாள். சிமெண்ட் தரையில் எழுந்து நிற்கப் பார்த்து, பார்த்து, இப்போது முயற்சி செய்வதையே விட்டுவிட்டாள். மாடிப்படி இல்லாத, பகலெல்லாம் ஆள் இருக்கிற வீடு உங்களுடையதைத் தவிர எனக்கு வேறு கிடைக்கவில்லை.

முடிவு உங்களுடையது. எது செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. விளம்பரத்தில் கார் பொய்யை மட்டும் அடித்துவிட்டு, மற்றதை அப்படியே ஒட்டிவிட்டேன். எப்படியும் இதைப் படித்து ஒருவரும் வரப்போவதில்லை!

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஜூலை 30

நாத்தனாருக்கு,

எனக்கு ஒன்றும் அப்படி ஆசை இல்லை. உள்ளதைத்தான் எழுதினேன். குறட்டை விடுகிறான், உண்மை. நாற்றம், உண்மை. நீயாக எதையாவது கற்பனை செய்துகொள்ளாதே.

அந்தச் சின்னவளைப் பற்றி எதற்கு எழுதினாய்? இரண்டு நாளாகத் தரையைத் துடைக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

சரி, ஆசைதான். போதுமா? அவனை விட்டுவிட்டு இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியவில்லை. உன் அண்ணனிடம் கேட்டால், "எனக்கு நாயே பிடிக்காது, என்னை ஏன் கேக்குற?" என்று சொல்லிவிட்டு, காரின் பின் சீட்டுக்குப் புது மெத்தை வாங்கிவந்தார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவு எடுப்பது?

இரண்டு வாரம் டைம் கொடு.

அண்ணி

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வாரம் கேட்டீர்கள், கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் விளம்பரத்தைப் படித்துவிட்டு ஒருவர் வந்தே விட்டார்! தபால்காரம்மா. போன வருஷம்தான் ஓய்வு பெற்றாராம். கைத்தடியோடு வந்து, உங்கள் தாளைக் கடைச் சுவரிலிருந்து பிய்த்துக் கையோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முப்பது வருஷம் நாய்ங்களுக்குப் பயந்து ஓடியிருக்கேம்மா. சைக்கிள் மிதிச்சு மிதிச்சு முட்டி ரெண்டும் போச்சு. இனிமே என்னால ஓட முடியாது. ஓடவே ஓடாதுன்னு போட்டிருக்கீங்களே, அது இன்னும் இருக்கா?"

இருக்கிறான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். இது சத்தியம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 13

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவரை எப்படியாவது விரட்டிவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

"ரொம்பக் குறட்டை விடுவான்" என்றேன். "நானும்தான்" என்றார். "நாத்தம் இருக்கும்" என்றேன். "எனக்கு ஜலதோஷம் வந்து மூக்கு செத்துப்போய் ரொம்ப நாளாச்சு" என்றார். தூக்க வேண்டியிருக்குமே என்றேன். கூடவே தம்பி இருக்கிறாராம், வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். "அவனுக்கு இவன் எல்லாம் ஒரு எடையா?" என்று சிரிக்கிறார். உன் அண்ணன் இந்தப் பேச்சுக்கு நடுவில் எழுந்து போய், சுத்தமாக இருந்த காரை மறுபடியும் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

சரி, நடக்கக் கூட்டிப்போனால் அலுத்துவிடுவார் என்று மூவரும் கிளம்பினோம். லாரி வழக்கம்போல் விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான். நான் என் வழக்கப்படி "எழுந்திருடா, எழுந்திருடா செல்லம்" என்று ஆரம்பித்தேன். தபால்காரம்மா சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்திலிருந்த குட்டைச் சுவரில் "அப்பாடா" என்று உட்கார்ந்தார். "எப்படா உக்காருவான்னுதான் பார்த்துட்டிருந்தேன்" என்றார்.

பிறகு கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். அவனும் தாடையை அவர் செருப்பின் மேல் வைத்துக்கொண்டான். போகிற வருகிற ஆட்களை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நடுவில் நின்றுகொண்டு, திரைச்சீலையையும் அடுப்பையும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவன் தானாக எழுந்தான். அவரும் கைத்தடியை ஊன்றி எழுந்தார். யாரும் யாரையும் எழுப்பவில்லை.

இத்தனை நாளும் நான் அவனை அன்பாகத்தான் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் உட்காரும்போது ஒரு நாள்கூட நான் கூட உட்காரவில்லை. வந்த முதல் நாள் வாசலில் உட்கார்ந்ததோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் பட்டையை எடுத்து, கைப்பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டினேன். காட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "வாரம் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க. வராட்டி நான் தபால் போட்டுக் கூப்பிடுவேன்" என்றார்.

நேற்று சாயங்காலம் உன் அண்ணன்தான் அவனைக் காரில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தபடியே வந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் போர்டைப் பார்த்து, யாரோ புதிதாகக் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அன்புடன்,
அண்ணி

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

லாரியைப் போய்ப் பார்த்தேன். தபால்காரம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புதுத் தபால்காரர் வந்தார். லாரி ஒரே ஒரு தடவை, உட்கார்ந்தபடியே, ரொம்ப மரியாதையாகக் குரைத்தான். தபால்காரம்மா, "அவ்ளோதான் தம்பி, இதுக்கு மேல வராது, பயப்படாம வா" என்றார். நன்றாக இருக்கிறான் அண்ணி. உங்கள் பட்டை வாசல் கொக்கியில் தொங்குகிறது.

சின்னவளைப் பற்றி நான் கேட்கவில்லை. உங்களுக்கு ஓய்வு வேண்டும். தெரியும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

வேனுக்குக் காத்திருக்காமல் உன் அண்ணனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவன் போன மறுநாள் மிஷினில் கால் வைத்தேன். பெடல் லேசாகப் போயிற்று. உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு கல்யாண மண்டபத்துத் திரையை ஒரே மூச்சில் முடித்தேன். அந்த மனுஷனும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

கால்மிதிகளை அக்கம்பக்கத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்று காலையில் ஒவ்வொன்றாக எடுத்தேன். உன் அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். தினமும் தடுக்கி விழப்போகிறேன் என்று திட்டினாரே, அதே ஆள்தான். என் கையிலிருந்த பச்சைக் கால்மிதியைப் பிடுங்கி, வாசலில் நாலு தட்டுத் தட்டி, திரும்பவும் அதே இடத்தில் போட்டார். "எனக்கு நாயே பிடிக்காது. ஆனா அந்தப் பொண்ணுக்குக் கால் வழுக்குமில்ல?" என்றார். இன்னும் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் ஸ்கூட்டர் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

பின் சீட்டு மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டுதான் வருகிறார். அவளை அவரோடு அனுப்பிவிடு. பட்டையைச் சின்ன அளவில் நேற்றே தைத்துவிட்டேன்.

விளம்பரம் மட்டும் கேட்காதே. கேட்டால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இவளும் பயங்கரமாகக் குறட்டை விடுவாள்.

அன்புடன்,
அண்ணி