டெரன்ஸ் வீட்டுப் பின்னல்

ஜூலை 6, ஞாயிறு. காலையில் தூறல்.

யாரிடமும் சொல்ல முடியாதது. மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம், கீபோர்ட் வாசிக்கிற டெரன்ஸ் கையைக் கூப்பிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். நான் குனிந்து சப்பாத்து லேஸ் கட்டினேன். போட்டிருந்தது செருப்பு.

மெலனி பார்த்துவிட்டாள். ஆறு வயது. என் மகள். கோர்ட் கட்டளைப்படி ஞாயிறு பூசை முடிந்ததிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை மட்டும் என் மகள். கைமாற்றுவது கோயில் வாசலில். ஊரே அறிவித்தல் பலகையை வாசிக்கிற மாதிரி நின்று எங்களை வாசிக்கும். (வேறு யாருடைய விஷயமாக இருந்தால் நானும்தான்.)

இன்று பிள்ளையின் தலையில் மீன்முள் மாதிரி ஒரு பின்னல். ஒரு முடி பிசகவில்லை.

"யாரு பின்னினது?"

"நேத்து டெரன்ஸ் மாமா வீட்ல. அம்மா பாட்டு பழகப் போனாங்கல்ல."

அதற்குமேல் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கு? டெரன்ஸ் நாவலப்பிட்டியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட இல்லை. அதற்குள் பி.அ.வுக்கு (பிள்ளையின் அம்மா, பெயரை எழுதினால் பேனா அடம்பிடிக்கிறது) பாட்டு, பிள்ளைக்குப் பின்னல். பாதி வழுக்கை வேறு. தன் தலையில் இல்லாததை என் மகள் தலையில் தேடுகிறான்.

போன தவணையில் பி.அ.வின் லோயர் கேட்டது இன்னும் காதில்: "பொம்பளப் பிள்ளைக்குத் தலை கட்டத் தெரியாதவரிடம் சனிக்கிழமை ராத்திரி எப்படி விடுவது?" நீதவான் அம்மா என் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுத்த தவணை 17. கேட்பது சனி இரவு ஒன்றே ஒன்று. அவள் தூங்கி எழும்புவதை நான் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 8, செவ்வாய். வெயில்.

கண்டி டவுனில் பழகினால் ஞாயிறு கோயிலில் செய்தி. ஆகவே குண்டசாலைக்கு பஸ். உள்ரோட்டில் வீட்டோடு சேர்ந்த ஒரு சலூன். பெண்களுக்கானது. உள்ளே போக அரைமணி நேரத் தைரியம் தேவைப்பட்டது.

சலூன் நடத்துகிற மிஸ் பெரிய மனசுக்காரி. பொம்மைத் தலை ஒன்றைக் கதிரையில் வைத்துச் சொல்லித் தந்தார். கை பழக, வாய் சும்மா இருக்குமா? டெரன்ஸ் புராணம் முழுவதும் கொட்டிவிட்டேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு.

"ஆளு எப்படி சார், கீபோர்ட்காரர்?"

"கண்ணை மூடிக்கிட்டுதான் வாசிப்பான் மிஸ். நேரா பரலோகத்துக்கே கேக்குதுன்னு நெனப்பு. சுருதி போறது கீழ இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்."

மிஸ் வாயிலிருந்த கிளிப் விழுந்துவிட்டது. "ராத்திரி குறட்டையும் விடுவாரோ?"

"நிச்சயமா. அந்த மூக்குக்கு விடாம முடியாது."

கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என் துயரத்தை இவ்வளவு ரசித்த ஆள் இதுவரை இல்லை. நாளைக்கும் போகவேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு. மழை.

மெலனி தலையில் முதல் முயற்சி. என் அறையில், ஜன்னலோரம்.

"ஆவ்! அப்பா வலிக்குது. அங்க வலிக்காது."

அங்க. அங்க பெரிய டிவி. அங்க மூணு பூனை. பூனை வாடகைக்குக் கிடைக்குமா?

முடிவு: மீன்முள் அல்ல, கருவாடு. பிள்ளை கண்ணாடியில் பார்த்து, "பரவால்ல அப்பா" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, செவ்வாய்.

சலூன். பின்னல் பிடிபட்டுவிட்டது! "சார், கோர்ட்டுக்கு இதையே கொண்டுபோங்க" என்று மிஸ் பொம்மைத் தலையை இரவல் தந்தார். மிஸ்ஸை ஞாயிறு பூசைக்கு வரச் சொன்னேன், என் மகளைக் காட்ட. "ஞாயிறுன்னா கல்யாணப் பொண்ணுங்க வேலை சார். பூசையே சனிக்கிழமை பின்னேரம்தான். பார்ப்போம்."

பஸ்ஸில் தலை பையிலிருந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து அம்மா வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன். கோர்ட்.

அதே லோயர், அதே கேள்வி. பையிலிருந்து தலையை எடுத்தேன். பின்வரிசையில் ஒருவர் அலறினார். அவிழ்த்துவிட்டு, நின்றபடியே பின்னிக் காட்டினேன். நீதவான் அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு உத்தரவு: இந்தச் சனி இரவு, பரீட்சார்த்தமாக.

பி.அ. சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க அப்படித்தான் செய்வாள். முன்பும்.

ஜூலை 20, ஞாயிறு. நல்ல வெயில்.

பிள்ளை ஒரு காலை என்மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். எழும்பியதும் முதலில் கேட்டது: "பால் இருக்கா?" இருந்தது.

பின்னல் முதல் தடவையிலேயே சரி. கோயில் வாசலில் பி.அ. சுற்றி வந்து பார்த்தாள். ஒரு கிளிப்பை மட்டும் இடம் மாற்றினாள். எனக்கு அது போதும்.

இன்று லேஸ் வைத்த சப்பாத்து. குனியவில்லை. சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நானே கீபோர்ட் பக்கம் போனேன், அந்தப் பின்னலை அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

கீபோர்டுக்குப் பக்கத்துக் கதிரையில் குண்டசாலை மிஸ். மடியில் டெரன்ஸின் மூக்குக் கண்ணாடிக் கூடு.

மெலனி கையை உதறிக்கொண்டு ஓடினாள். "டெரன்ஸ் ஆன்ட்டி! இன்னைக்கு அப்பாவே பின்னினாங்க!"

மிஸ் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னை நோக்கிக் கையைக் கூப்பினார்.

"சமாதானம் சார். குறட்டை விடுறது உண்மைதான்."