சிவப்புப் பொட்டு வைத்த இரும்பு

மாப்ள,

என் மகள் கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை யாரையாவது அடிக்கத் துடிக்கிறது. நீ போய் ரெண்டு வருஷம் ஆகியும் இந்தப் பாழாய்ப்போன கை திருந்தவில்லை.

உன் பெண்டாட்டியின் நெயில் பாலிஷைத் தூக்கிக்கொண்டு நீ உன் காருக்கு அடியில் படுத்தாயே, அதை எப்படி மறப்பேன்? ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிய வண்டிக்கு, முன்சக்கரங்களைத் தாங்குகிற லோயர் ஆர்ம் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றியே ஆக வேண்டும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். "மாத்தட்டும். சந்தேகமா இருக்கிற சாமானுக்கு அடையாளம் வச்சிரணும் மாப்ள" என்று சிரித்துக்கொண்டே இரண்டுக்கும் பொட்டு வைத்தாய். நம் தல்லாகுளம் ஆபீஸ் முழுக்க அன்றைக்கு உன் மூளையைப் பற்றித்தான் பேச்சு.

மாற்றியாயிற்று என்று வண்டியை விட்டார்கள். குனிந்து பார்த்தால் இரண்டு பொட்டும் அப்படியே இளிக்கின்றன. நீ மேனேஜரிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு எங்கே பொறுமை? டை கட்டி நின்ற சர்வீஸ் அட்வைசரை ஓங்கி ஒரு அறை விட்டேன். உதடு கிழிந்து அவன் சட்டையெல்லாம் ரத்தம். மறுபடி கையை ஓங்கியபோது நீதான் பிடித்துக்கொண்டாய். "விடு மாப்ள, அவன் சம்பளத்துக்கு நிக்கிறவன். பொய் பில் எழுதச் சொன்னவன் உள்ள ஏசியில இருக்கான்." நான் காறித் துப்பிவிட்டு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பெருமையாக இருந்தது.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டு அடுத்த சர்வீஸ் இலவசம் என்றதால், எட்டு மாதம் கழித்து மறுபடி அங்கேயே போனோம். அதே ஆள்தான் நின்றான். சர்வீஸ் முடித்துப் பேப்பரை நீட்டினான். "பள்ளத்துல எறங்குனா டொக்கு டொக்குன்னு சத்தம் வருதே தம்பி?" என்று கேட்டாய். அவன் உன் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். "பேப்பர்ல எழுதியிருக்கேன் சார்" என்று முனகிவிட்டு நகர்ந்தான். நான் அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கசக்கி டேஷ்போர்டுக்குள் திணித்தேன். "படிக்காத மாப்ள. களவாணிப் பயலுக, திரும்பவும் அதையேதான் எழுதியிருப்பானுக." நீயும் நம்பினாய்.

மூன்றாம் நாள் நீ தனியாகப் போகையில், திருவாதவூர் ரோட்டில் இடது சக்கரம் ஒடிந்து மடங்கி, வண்டி உருண்டு புளியமரத்தில் மோதியது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த அந்தத் தகரக் குவியலை உதைத்தேன், விரல் முட்டி கிழியக் குத்தினேன். பிறகு டேஷ்போர்டைப் பிய்த்துப் பேப்பரை எடுத்தேன். "இடது லோயர் ஆர்ம் கழன்றுவிடும் நிலை. வண்டியை ஓட்ட வேண்டாம்." அடியில் அழுத்தி ரெண்டு கோடு போட்டிருந்தான்.

நேரே போய் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். "வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்னடா?"

"சொன்னா அடிப்பீங்கன்னு பயந்துட்டேண்ணே."

கை தானாக விழுந்துவிட்டது மாப்ள. அவன் உதட்டில் நான் போட்ட தழும்பு அப்படியே இருந்தது. ஷோரூம்காரன் களவாணித்தனம்தான் உன்னைக் கொன்றது என்று ஆபீஸில் இன்னும் பேசுகிறார்கள். நான் வாயே திறப்பதில்லை.

வண்டியை எடைக்குப் போட்டபோது அந்த ஒடிந்த ஆர்ம் துண்டை மட்டும் வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறேன். பொட்டு இன்னும் உரியவில்லை.

இப்போது மகள் வந்து என் வலது கையை இழுத்து, விளையாட்டாகக் கட்டைவிரல் நகத்தில் சிவப்பைத் தீற்றிவிட்டாள். "அழிச்சிருங்கப்பா, ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்கிறாள்.

அழிக்க மாட்டேன் மாப்ள. இந்தக் கைக்கு அடையாளம் இருக்கட்டும்.