பூஞ்சை போடாத வரிசை

வெள்ளிமலை,
புரட்டாசி 5

அன்புள்ள செழியன்,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றியே பேசி வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

என் விசா வந்துவிட்டது, மாத முடிவுக்குள் மஸ்கட்டுக்குப் புறப்படு என்றீர்கள். நம் கவியாவின் காரியம் முடிந்து நீங்கள் திரும்பிப் போனதிலிருந்து கேட்கிறீர்கள். நாற்றங்கால் ஆய்வு முடியட்டும் என்றே சொல்லி வந்தேன். இனி அப்படிச் சொல்ல முடியாது. ஆய்வு கெட்டுவிட்டது.

கடுக்காய்க் கன்றுகளில் பாதிக்கு, வேரில் வாழும் ஒரு பூஞ்சையை மண்ணோடு கலந்து வைத்தோம். வேர் எட்டாத இடத்திலிருந்தும் அது சத்தை இழுத்துத் தரும் என்றார்கள் பூஞ்சை மூட்டையை விற்றவர்கள். விற்கிறவர்கள் சொல்வதை நான் எப்போது நம்பினேன்? ஒப்பிட்டுப் பார்க்க மீதிப் பாதிக்கு எதுவும் போடவில்லை. ஆடி வரை வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. போட்டவை முழங்கால் உயரம். போடாதவை ஒரு சாண், அதுவும் வெளுத்து. களை எடுக்கும் சாமியம்மாள் ஆள் குள்ளம். "மேடம், எனக்கும் அதுல ஒரு புடி வையுங்க, நானும் கொஞ்சம் வளந்துக்கறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வெளுத்த வரிசையும் துளிர்த்தது. வேருக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். இருக்கக் கூடாத இடத்தில் பூஞ்சை இழைகள். தண்ணீர் ஊற்றும் பெரியம்மாளைக் கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை. மூட்டையில் மிஞ்சியதை வெளுத்த கன்றுகளின் ஒவ்வொரு பையிலும் விரலால் குழித்து வைத்தாளாம். "பக்கத்துல பக்கத்துல ஒரே வூட்டுப் புள்ளைங்க மாதிரி நிக்குதுங்க. ஒண்ணுக்குச் சோறு, ஒண்ணுக்குப் பட்டினி. பாத்துக்கினு எப்டிங்க தண்ணி ஊத்தறது?" என்றாள். ஒப்பிடத்தான் அப்படி வைத்தோம் என்று விளக்கினேன். "நீங்க படிச்சவங்க, தாங்கிக்குவீங்க. என்னால ஆவலிங்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது எதுவுமே வருவதில்லை. பெற்ற மகள் காரியத்தில்கூட நான் அழவில்லை என்று உங்கள் அக்கா கமலா சொல்லிக்கொண்டிருப்பது என் காதுக்கும் வந்தது. அவர் சொல்வது உண்மைதான்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். கன்றுகளை ஐப்பசி மழைக்குச் சரிவில் நடச் சொல்கிறார்கள். புதிதாக விதைத்து ஆய்வை மறுபடி ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. சரி என்றால் உங்களிடம் சொல்ல இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

காரணம் இல்லாமலே சொல்கிறேன். நான் மஸ்கட்டுக்கு வரவில்லை. கவியா வண்டியோடு விழுந்த வளைவைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் இங்கே மலையேறி வருகிறேன். அதைப் பார்க்காத ஊரில் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அவள் வண்டி இன்னும் காவல் நிலையத்தில் நிற்கிறது. எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். எனக்கு அதிகாரம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்பினாலே போதும், நேரில் வர வேண்டியதில்லை என்றார் ஏட்டு. இதை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கோகிலவாணி